மந்தைவெளியிலிருந்து மங்கோலியாவுக்கு

என் தம்பிகள் இருவரும் ஆளுக்கு நாலு தேசம் பார்த்தவர்கள். சின்னவன் சிங்கப்பூரில் எஸ்கலேட்டரில் நின்று படம் எடுத்து அனுப்பிய நேரத்தில், நான் ரங்கநாதன் தெருவில் எங்கள் ஜவுளிக்கடையின் இரண்டாவது மாடிக்குப் பட்டுச்சேலைக் கட்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறிக்கொண்டிருந்தேன். ஐம்பத்திரண்டு வயதாகியும் என் பாஸ்போர்ட்டில் ஒரு முத்திரை விழவில்லை. ஆகவே, மூன்று நாள் வெளிநாடு போய்விட்டு வந்தேன் என்று நான் சொன்னதைக் கடையில் யாரும் நம்பவில்லை. நம்பாதவர்களுக்கு வழி சொல்கிறேன். மந்தைவெளியில் ஆட்டோ ஏறுங்கள். அடையாறு பாலத்தைத் தாண்டி இறங்குங்கள். விசா கேட்க மாட்டார்கள். கழுத்தில் அட்டை மட்டும் தொங்க வேண்டும்.

அங்கே ஒரு கல்லூரியில் பள்ளிப் பிள்ளைகளுக்காக எம்.யு.என். என்ற மாநாடு நடந்தது. உலக நாடுகளின் சபையைப் போல ஒரு மாதிரிச் சபை. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நாட்டைக் கொடுத்துவிடுவார்கள். மூன்று நாளும் பிள்ளை அந்த நாடாகவே இருக்க வேண்டும்; அந்த நாட்டின் கொள்கையைப் பேசி, மற்ற நாடுகளோடு கூட்டுச் சேர்ந்து, ஒரு தீர்மானம் எழுதி வோட்டுக்கு விட வேண்டும். பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகள் செண்பகத்துக்குக் கிடைத்த நாடு மங்கோலியா. அவள் குழு விவாதிக்க வேண்டிய பொருள் ஆழ்கடல் மீன்பிடிப்பு.

உலகப் படத்தை எடுத்துப் பார்த்தேன். மங்கோலியாவுக்கு வடக்கே ரஷ்யா. மீதிப் பக்கமெல்லாம் சீனா. கடல் என்று ஒரு நீலக் கீற்றுகூட இல்லை.

“ஏம்மா, மாத்திக் கேளேன். கொஞ்சம் கடல் உள்ளதா” என்றேன். கடையில் ரவிக்கைத் துணி சேலைக்கு ஒத்துவரவில்லை என்று திரும்பி வருபவர்களின் குரல் எனக்கு வந்துவிட்டது.

“எடுத்தது எடுத்ததுதான்ப்பா. உங்க கடை போர்டுல எழுதி வச்சிருக்கீங்கல்ல, அதே ரூல்தான்.”

அவள் பள்ளி இந்த மாதிரி மாநாட்டுக்கு இதுவரை யாரையும் அனுப்பியதில்லை. இந்த ஆண்டு ஆசைக்கு ஒருத்தியை அனுப்பிப் பார்க்கத் தாளாளர் சம்மதித்திருந்தார். “நம்ம பொண்ணு எழுதின தாள் ஒண்ணு சபையில விவாதத்துக்கு வந்துச்சுன்னா அடுத்த வருஷம் ஆறு பேரை அனுப்புவோம். இல்லேன்னா ஸ்போர்ட்ஸோட நிறுத்திக்குவோம்” என்று சொல்லிவிட்டார். அந்த ஆறு பேரும் பத்தாம் வகுப்புப் பெண்கள். ஒரு மாதமாக எங்கள் வீட்டுக்கு வந்து, என் மனைவி சுட்டுப் போட்ட தோசைகளைத் தின்றுகொண்டே, செண்பகத்துக்காக மீன் கணக்குத் தேடிக் கொடுத்தவர்கள்.

“ஜெயிக்கக்கூட வேணாம்ப்பா. தாள் சபைக்கு வந்தாப் போதும்” என்றாள் செண்பகம். வருவதற்கு எட்டு நாடுகள் அதில் கையெழுத்துப் போட வேண்டுமாம். எட்டு என்றதும் எனக்குச் சுலபமாகத்தான் பட்டது. ஆடித் தள்ளுபடிக்கு எட்டு நிமிடத்தில் எண்பது பேர் வருகிறார்கள்.

கூடப் போக வேண்டிய ஆசிரியைக்குக் கடைசி நேரத்தில் அம்மை போட்டுவிட்டது. பொறுப்பாசிரியர் இல்லாமல் பிள்ளையை உள்ளே விட மாட்டார்கள். தாளாளர் என் மேல் கண் வைத்தார். நான் வரலாற்றில் பி.ஏ.; படித்த வரலாறு எனக்கு இதுவரை எதற்கும் உதவியதில்லை. முப்பது வருடம் கழித்து உதவியது. ‘பொறுப்பாசிரியர்’ என்று ஆங்கிலத்தில் எழுதிய அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு புறப்பட்டேன்.

முதல் நாள். செண்பகம் கறுப்புக் கோட்டு, கறுப்புக் காலணி. காலணி அவளுடைய சித்தி மகளுடையது. ஒரு அளவு பெரிது. முன்னால் பஞ்சு அடைத்திருந்தோம். ஆட்டோக்காரர் கண்ணாடியில் அவளைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார்.

“இன்னா சார், பாப்பா கோட்டு கீட்டு மாட்டிக்கினு போவுது. வேலைக்கா?”

“மங்கோலியா” என்றேன்.

“அத்து எங்க கீது?”

“சீனாவுக்கு மேல.”

அவர் சற்று யோசித்தார். “சிக்னல் தாண்டியா, முன்னாலயா?”

கல்லூரி வாசலிலேயே தட்பவெப்பம் மாறிவிட்டது. உள்ளே ஏ.சி. குளிர். நாற்பது நாடுகள் கோட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தன. ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு பெயர்ப்பலகை. மேடையில் தலைவராக ஒரு கல்லூரிப் பெண், கையில் மரச்சுத்தியல். என்னைப் போன்ற பொறுப்பாசிரியர்களைப் பின்வரிசையில் வைத்திருந்தார்கள். பேசக் கூடாது, சைகை காட்டக் கூடாது, தாள் எழுதி அனுப்பக் கூடாது. என் வீட்டிலும் எனக்கு இதே அந்தஸ்துதான் என்பதால் பழகிக்கொள்வதில் சிரமம் இருக்கவில்லை.

அந்த நாட்டில் ‘நான்’ என்ற சொல்லுக்குத் தடை. நெற்றியில் விபூதி வைத்த ஒரு ஒல்லிப் பையன் எழுந்து, “ஜப்பானின் பிரதிநிதி கழிப்பறைக்குச் செல்ல அனுமதி கோருகிறார்” என்றான் ஆங்கிலத்தில். ஜப்பான் அவனேதான். தலைவர் அனுமதித்தார், ஜப்பான் ஓடியது. எனக்கு இது புதிதில்லை. கடையில் கோபம் வந்தால் நானும், “முதலாளின்னு ஒருத்தன் இங்க உக்காந்திருக்கான்” என்றுதான் சொல்வேன். அதற்கு ராஜதந்திரம் என்று பெயர் இருப்பது அன்றுதான் தெரிந்தது.

மங்கோலியாவின் முறை வந்தது. செண்பகம் எழுந்தாள். நன்றாகத்தான் ஆரம்பித்தாள். நாலாவது வாக்கியத்தில் நார்வே தன் பலகையைத் தூக்கியது. நார்வே என்பது பெரிய பள்ளியிலிருந்து வந்த நெட்டைப் பையன். மூன்று வருடமாக இதே தொழிலில் இருப்பவன். தண்ணீர் குடிப்பதைக்கூட அறிக்கை வாசிப்பது போலக் குடிப்பான். “மங்கோலியாவின் பிரதிநிதி எந்தக் கடற்கரையில் நின்றுகொண்டு பேசுகிறார் என்று அறிய நார்வே விரும்புகிறது” என்றான்.

முப்பத்தெட்டு நாடுகள் சிரித்தன. செண்பகம் சிரிக்கப் பார்த்தாள். வாய் போன திசைக்கு முகம் வரவில்லை. “மங்கோலியா மீதி நேரத்தைத் தலைவரிடம் ஒப்படைக்கிறது” என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாள். நாற்பது விநாடி மிச்சம் இருந்தது. அந்த நாற்பது விநாடியை என்னிடம் கொடுத்திருந்தால் நார்வேயிடம் என்ன கேட்டிருப்பேன் என்பதை எழுத்தில் போட முடியாது.

மதியச் சாப்பாடு வெளிநாட்டுக்குத் தக்கபடி இருந்தது. வெள்ளைக் குழம்பில் ஊறிய குழல்கள். அதை முள்கரண்டியால் விரட்டிக்கொண்டிருந்தபோது, மாணவிகள் வரிசையில் செண்பகம் எங்கள் வீட்டுப் புளிச்சோற்றுப் பெட்டியைத் திறந்தாள். நேபாளமும் பராகுவேயும் எட்டிப் பார்த்தன. பெட்டி மூன்று நாட்டுக்கும் போதவில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு காபி வாங்கிக்கொண்டு போய் நீட்டினேன்.

“இப்ப வேணாம்ப்பா. வோட்டு முடியட்டும்.”

பரீட்சை நாளிலும் அவள் இப்படித்தான். முடிகிறவரை காபியைத் தொட மாட்டாள். மற்ற நாளில் என்னைப் போலவே நாலு வேளை.

சாயங்காலம் நேராகக் கடைக்குப் போனோம். மாம்பலம் ஸ்டேஷனில் ரயில் வந்து ஒரு கூட்டத்தைத் தெருவில் கொட்டிவிட்டிருந்தது. எங்களுக்கும் பக்கத்து ஜவுளிக்கடைக்கும் நடுவே துணி உடுத்தி நிறுத்தும் பொம்மை பற்றி வழக்கு நடந்துகொண்டிருந்தது. பொதுப் படியின் முன்னால் யாருடைய பொம்மை நிற்பது? இந்த மாதிரித் தகராறுகளை எங்கள் வரிசையில் எவர்சில்வர் பாத்திரக் கடை அண்ணாச்சியிடம்தான் கொண்டுபோவோம். அவர் வந்தார், படியைப் பார்த்தார், ஆளுக்கு மூன்று நாள் என்று தீர்த்தார், ஞாயிற்றுக்கிழமை பொம்மையே கூடாது என்றார். இரண்டு பேரும் முறைத்துக்கொண்டே ஒப்புக்கொண்டோம்.

செண்பகம் துணிக்கட்டின் மேல் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். “ஏன் பெரியப்பா எப்பவும் உங்களையே கூப்பிடறாங்க?” என்று அண்ணாச்சியிடம் கேட்டாள்.

“எனக்குச் சேலையும் விக்கத் தெரியாது, வேட்டியும் விக்கத் தெரியாது, தாயி. அதான் ரெண்டு பேரும் என்னைய நம்புதாவ” என்றார் அவர்.

அவள் பையிலிருந்து நோட்டை எடுத்தாள். கடை அடைக்கிறவரை தலை நிமிரவில்லை.

இரண்டாம் நாள் ஆட்டோ அடையாறு பாலத்தின் நடுவில் நின்றுவிட்டது. ஓட்டுநர் இறங்கி, “கேஸ் தீர்ந்துபோச்சு நைனா, நீ ஒண்ணியும் நெனச்சுக்காத” என்றார். நினைத்தேன். நடந்தோம். பஞ்சுக் காலணியில் செண்பகம் தட்டுத்தட்டென்று நடந்துகொண்டே பேச்சை ஒப்பித்தாள். கீழே ஆறு தன் பங்குக்கு மணந்தது.

“கடல் வாசனை அடிக்குதுல்லப்பா? மங்கோலியாவுக்கு இது முதல் தடவை.”

“அது கடல் இல்லம்மா. மூச்சை உள்ள இழுக்காம பேசு.”

அன்று அவள் பேசியதை என்னால் முடிந்தவரை தமிழில் தருகிறேன். “மங்கோலியாவுக்குக் கடற்கரை இல்லை என்பதை நேற்று நார்வே கண்டுபிடித்துச் சொன்னது. நன்றி. மங்கோலியா அதைத்தான் சொல்ல வந்தது. கடல் உள்ள நாடுகள் ஆழ்கடலில் ஒருவர் பிடித்த மீனை இன்னொருவர் எண்ணுகிறார்கள். யாரும் யாருடைய எண்ணிக்கையையும் நம்புவதில்லை. எண்ணும் வேலையைக் கடல் இல்லாத நாடுகளிடம் கொடுங்கள். எங்களிடம் படகு இல்லை, வலை இல்லை. உங்கள் மீனில் எங்களுக்குப் பங்கும் இல்லை. அதனால்தான் எங்களை நீங்கள் இருவரும் நம்பலாம்.”

யாரும் சிரிக்கவில்லை. நார்வே எதையோ எழுதிக்கொண்டது. நான் பின்வரிசையில் பாத்திரக்கடை அண்ணாச்சியைக் கோட்டு போட்டுக் கற்பனை செய்து பார்த்தேன். பக்கத்து இருக்கை ஆசிரியை, “உங்க ஸ்டூடண்ட்டா? நல்லா பிரிப்பேர் பண்ணியிருக்கீங்க சார்” என்றார். தலையை அடக்கமாக ஆட்டினேன். நான் செய்த பிரிப்பரேஷன் காலணிக்குப் பஞ்சு அடைத்தது.

அன்று மாலைக்குள் தாளில் ஆறு கையெழுத்து. நேபாளம், பராகுவே, போட்ஸ்வானா என்று கடலில்லாத கூட்டம் முதலில் சேர்ந்தது. மூன்றாம் நாள் காலையில் கென்யாவோடு ஏழு. பன்னிரண்டு மணிக்குள் இன்னும் ஒன்று வேண்டும்.

இடைவேளையில் நாடுகள் கலந்து பேச அரை மணி விட்டார்கள். செண்பகம் ஜப்பானைப் பிடிக்கப் போயிருந்தாள். வராந்தாவில் பிரேசில் தனியாக நின்றது. குண்டுப் பையன், மூக்குக்கண்ணாடி, கையில் மங்கோலியாவின் தாள். ஒரு தடவை படித்தான். திருப்பிப் பார்த்தான். மறுபடி படித்தான். பேனாவைத் திறந்தான், மூடினான்.

அந்த முகத்தை எனக்கு முப்பது வருடமாகத் தெரியும். இரண்டு கையிலும் இரண்டு சேலை, வெளிச்சத்துக்கு ஒரு தடவை, நிழலுக்கு ஒரு தடவை. அந்த முகத்தைக் கண்டால் கடையில் நான் பேசவே மாட்டேன். இரண்டு விரலைத் தூக்குவேன். கீழேயிருந்து காபி வந்துவிடும், ஒன்று அவருக்கு, ஒன்று எனக்கு. குடித்து முடிப்பதற்குள் மனது தானே ஒரு பக்கம் சாயும். இது வியாபாரமே அல்ல என்றுதான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் கை தானாக எழுந்தது. அது கல்லூரிக் காண்டீன் என்பதால் நானே போய் வாங்கி வர வேண்டியிருந்தது. இரண்டு காபி, கூட நாலு வாழைக்காய் பஜ்ஜி.

“சாப்பிடு தம்பி. தீர்மானம் எங்க ஓடிடப் போவுது?”

“தேங்க்யூ அங்கிள். நீங்க எந்த ஸ்கூல்?”

“மங்கோலியா” என்றேன். வாய் சும்மா இருந்திருக்கலாம். “நல்ல தாள் தம்பி. படிக்கப் படிக்கத்தான் தெரியும்.”

அவன் மூன்று பஜ்ஜியைத் தின்றான். கையைத் துடைத்தான். கையெழுத்துப் போட்டான். அந்தச் சமயம் பார்த்து நார்வே எங்களைக் கடந்து போனது. என்னைப் பார்த்தது, என் கழுத்து அட்டையைப் பார்த்தது, மீதி பஜ்ஜியைப் பார்த்தது.

சபை கூடியதும் நார்வேயின் பலகைதான் முதலில் எழுந்தது. “மங்கோலியாவின் பொறுப்பாசிரியர் பிரேசிலுக்குச் சிற்றுண்டி வாங்கிக் கொடுத்துத் தாளைப் பற்றிப் பேசினார். அதன் பிறகுதான் எட்டாவது கையெழுத்து விழுந்தது. விதிகளைப் பார்க்கும்படி நார்வே கோருகிறது.”

தலைவர் விதிப் புத்தகத்தைப் புரட்டி வாசித்தார். பொறுப்பாசிரியர்கள் பிற நாடுகளிடம் ஆதரவு கேட்கக் கூடாது. கேட்டால் அந்தத் தாளையே தள்ளுபடி செய்யலாம். என் கடையில் தள்ளுபடி என்றால் கூட்டம் கூடும். இங்கே என் மகளின் ஒரு மாத உழைப்பு, ஆறு பெண்களின் அடுத்த வருடம், எல்லாம் நாலு பஜ்ஜியில் போய்விடும். எழுந்து, “தப்பு என்னுது, அவளுக்கு ஒண்ணும் தெரியாது” என்று கத்த வேண்டும் போல இருந்தது. பின்வரிசைக்குப் பேச உரிமை இல்லை. முப்பத்தொன்பது நாடுகளும் திரும்பி என்னைப் பார்த்தன. திரும்பாதவள் ஒருத்திதான்.

“மங்கோலியா ஒரு நிமிடம் பதில் சொல்லலாம்” என்றார் தலைவர்.

செண்பகம் எழுந்தாள்.

“மங்கோலியா இந்தப் புகாரை மறுக்கவில்லை. பின்வரிசையில் கட்டம் போட்ட சட்டையில் இருப்பவர் மங்கோலியப் பிரதிநிதியின் அப்பா. அவர் தியாகராய நகர் என்ற நாட்டிலிருந்து வருகிறார். எதிரில் நிற்பவர் யோசித்தால் கையில் காபி கொடுப்பது அந்த நாட்டின் வழக்கம். வாங்காமல் போகிறவருக்கும் கொடுப்பார்கள். மங்கோலியாவுக்கு அந்த நாட்டோடு பதினாறு ஆண்டு நல்லுறவு உண்டு. அதன் வழக்கத்தை மங்கோலியா மதிக்கிறது. இந்தச் சபையில் அது செல்லாது என்பதையும் ஒப்புக்கொள்கிறது.”

சிரிப்பு எழுந்தது. முதல் நாள் சிரிப்பு மாதிரி இல்லை இது. அவள் அது அடங்கும்வரை நின்றாள். பிறகு மேடைக்கு நடந்து போய்த் தாளை வாங்கினாள். காலணி தட்டுத்தட்டென்று கேட்டது.

“காபிக்குப் பிறகு விழுந்த கையெழுத்தை மங்கோலியாவே அடித்துவிடுகிறது. தாளில் இப்போது இருப்பது ஏழு. மீதி நேரத்தை மங்கோலியா தலைவரிடம் ஒப்படைக்கிறது.”

முதல் நாள் சொன்ன அதே வாக்கியம். உட்கார்ந்த விதம்தான் வேறு. எனக்கு வெட்கத்தில் காது சுட்டது. அதே காதுதான், இப்படி ஒரு பேச்சைக் கேட்கக் கிடைத்ததே என்று நிமிர்ந்தும் நின்றது. என் வாழ்க்கையில் என்னை யாரும் இத்தனை மரியாதையாகக் கைவிட்டதில்லை.

தலைவர் பக்கத்திலிருந்தவரோடு குனிந்து பேசினார். தாளைத் தள்ளவில்லை, கையெழுத்து ஏழுதான், பன்னிரண்டு அடிக்கப் பத்து நிமிடம் இருக்கிறது, மங்கோலியா முயன்று பார்க்கலாம் என்றார். பிரேசிலின் கையெழுத்தை மறுபடி சேர்க்க முடியாது. அவன் பரிதாபமாகக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

செண்பகம் ஜப்பானைத் தேடி எழுந்தபோது நார்வே அவள் மேசைக்கு வந்து நின்றான். முதல் தடவையாக அவன் தமிழ் பேசிக் கேட்டேன்.

“ஏய் மங்கோலியா, பேப்பரைக் குடு.”

“எதுக்கு? கிழிக்கவா?”

“கிழிக்கத்தான். சபைக்கு வந்தாத்தானே கிழிக்க முடியும்?”

கையெழுத்துப் போட்டான். அந்த நாட்டில் கையெழுத்து என்றால் சம்மதம் என்று பொருள் இல்லையாம்; இதைப் பற்றிப் பேசலாம் என்று பொருளாம். எனக்கு அது தெரிந்திருந்தால் பஜ்ஜி வரை போயிருக்க மாட்டேன்.

சொன்னபடியே கிழித்தான். இருபது நிமிடம், ஓரம் ஓரமாக. எண்ணப் போகிறவர்களுக்குப் படகு யார் கொடுப்பது, படகு கொடுத்தவன் சொன்னபடி எண்ண மாட்டார்களா என்று கேட்டான். நியாயமான கேள்வி, அண்ணாச்சிக்குக்கூட நாங்கள் படி வரை வர வழிவிட வேண்டியிருந்தது. செண்பகம் ஒவ்வொன்றுக்கும் எழுந்தாள், உட்கார்ந்தாள், எழுந்தாள். பிரேசில் பலகையைத் தூக்கி, “பிரேசில் இந்தத் தாளைக் காபிக்கு முன்னாலேயே மூன்று முறை படித்துவிட்டது என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறது” என்றான்.

வோட்டு. ஆதரவாகப் பதினெட்டு, எதிராக இருபத்திரண்டு. “மங்கோலியா கொண்டுவந்த தீர்மானம் தோற்றது” என்று தலைவர் சுத்தியலைத் தட்டினார். நான் பலமாகக் கைதட்டினேன். பக்கத்து ஆசிரியை, “சார், தோத்திருச்சு” என்று மெல்லச் சொன்னார். “தெரியும்மா” என்று சொல்லித் தொடர்ந்து தட்டினேன். ‘கொண்டுவந்த’ என்ற சொல் அவர் காதில் விழவில்லை போலிருக்கிறது.

பரிசு நார்வேக்குப் போனது. வாசலில் அவன் என்னிடம் வந்து, “சாரி அங்கிள், ரூல்ஸ்” என்றான். எந்தத் தெரு, எந்தக் கடை என்று சொல்லி அவன் அம்மாவைக் கூட்டி வரச் சொன்னேன். காபி தருவதாகச் சொல்லவில்லை. கற்றுக்கொண்டிருந்தேன்.

ஆட்டோவில் செண்பகம் காலணியைக் கழற்றிப் பஞ்சை வெளியே எடுத்தாள். தாளாளருக்குப் போன் போட்டாள். “வந்துச்சு சார். விவாதம் நடந்துச்சு… இல்ல சார், தோத்துருச்சு… ஆமா சார், ஆறு பேருக்கும் சொல்லிடறேன்.” வைத்துவிட்டு வெளியே பார்த்தாள். பாலத்தில் காற்று நன்றாக வந்தது.

“தப்பு பண்ணிட்டேம்மா” என்றேன். “கைப் பழக்கம்.”

“தெரியும்ப்பா. உங்களைப் பாத்தா அந்தக் கையெழுத்தை அடிக்க முடியாதுன்னுதான் திரும்பவே இல்ல.”

மீதி நேரத்தை அவளிடமே ஒப்படைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

மந்தைவெளி மார்க்கெட் முனையில் காபிக்கடையைப் பார்த்ததும் அவள் என் முழங்கையை இடித்தாள். “நிறுத்தச் சொல்லுங்கப்பா. வோட்டுதான் முடிஞ்சுதே. எனக்கு ஒரு காபி வேணும்.”

ஆட்டோ ஓரமாக நின்றது. வெளியே கையை நீட்டிக் கடைக்காரருக்கு இரண்டு விரலைக் காட்டினேன். ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். மூன்றாக்கினேன்.